பொறியாளர் உரிமமும் பணி விசாவும்: ஒரு பாலப் பொறியாளரின் ஸ்பான்சர் தேடல் – நிகழ்வு ஆய்வு

பொறியாளர் உரிமம் பெற்றவருக்கு அமெரிக்காவில் வேலை எளிதில் கிடைத்துவிடும், வேலை கிடைத்துவிட்டால் விசாவும் தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உரிமத் தேர்வுகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் உரிமத்தை வழங்குவது மாநில வாரியம். விசாவைத் தீர்மானிப்பது கூட்டாட்சி அரசு. முதலாவது பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி எழுந்த ஏற்பாடு. இரண்டாவது உள்நாட்டுத் தொழிலாளர் சந்தையைக் கருதி எழுந்தது. ஒன்றில் தேறியவர் மற்றொன்றிலும் தானாகத் தேறிவிடுவார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படியானால் உரிமத்தால் விசாத் தேடலில் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. அந்தப் பயன் எங்கே, எவ்வளவு என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது ஒரு மாதிரி நிகழ்வு. உரிமம் பெற்ற கட்டுமானப் பொறியாளர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சூழல்களை ஒரே மனிதரின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். ஆகவே இவருக்கும் இவர் அணுகிய நிறுவனங்களுக்கும் பெயர் இல்லை. விதிகள், கட்டணங்கள், நாட்கள் ஆகியவை மட்டும் உண்மையில் உள்ளவை.

பின்னணி

இவர் பாலங்களை வடிவமைக்கும் பொறியாளர். நான்காண்டு இளநிலைப் பட்டத்தை அமெரிக்காவுக்கு வெளியே, பொறியியல் படிப்புகளுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு ஒன்றில் பெற்றவர். அங்கேயே எட்டாண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர். அதில் பெரும்பகுதி, அமெரிக்கத் திட்டங்களுக்கு வடிவமைப்புக் கணக்கீடுகள் செய்து கொடுக்கும் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் கழிந்தது. அந்த நிறுவனத்தில் அமெரிக்க உரிமம் பெற்ற மூத்த பொறியாளர்களின் மேற்பார்வை இருந்ததால், உரிமத்துக்கு வாரியங்கள் வழக்கமாகக் கேட்கும் நான்காண்டு அனுபவத்தையும் பரிந்துரைகளையும் இவரால் காட்ட முடிந்தது. வெளிநாட்டில் இருந்தபடி உரிமத்துக்கு முயல்பவர்களில் பலர் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். தேர்வில் தேறிவிடுவார்கள், அனுபவத்துக்குச் சான்று சொல்ல உரிமம் பெற்ற ஒருவர் கிடைக்கமாட்டார்.

தேர்வுகளை நடத்தும் அமைப்பான என்சிஇஇஎஸ் தன் அடிப்படைத் தேர்வை 2014 முதல் கணினி வழியாக நடத்துகிறது. 110 கேள்விகள் கொண்ட தேர்வு அது. அதன் பின் வரும் தொழில்முறைத் தேர்வில், கட்டுமானப் பிரிவுக்கு 80 கேள்விகள். இவ்விரண்டிலும் தேறி, பட்டத்தின் தகுதி மதிப்பீட்டையும் பெற்று, 2024ஆம் ஆண்டின் நடுவில் ஒரு மாநிலத்தில் 'புரொஃபஷனல் இன்ஜினியர்' உரிமத்தைப் பெற்றார். வாஷிங்டன் உடன்படிக்கை இங்கே ஓரளவுக்கே உதவியது என்பதைக் குறிப்பிட வேண்டும். 1989இல் உருவான அந்த உடன்படிக்கை படிப்புகளின் தரத்தை ஒன்றுக்கொன்று இணையாக ஏற்கிறதே தவிர, ஒரு நாட்டின் உரிமத்தை மற்றொரு நாட்டில் செல்லுபடியாக்குவதில்லை. பணிபுரியும் அனுமதியையும் தருவதில்லை.

குடியுரிமையைப் பொறுத்தவரை, அமெரிக்காவுக்குள் செல்ல எளிய வழிகள் எதற்கும் இவர் தகுதி பெறவில்லை. கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கு டிஎன் என்ற வழி இருக்கிறது. அதன் தொழிற்பட்டியலில் பொறியாளர் இடம்பெற்றிருப்பதோடு, பட்டம் அல்லது மாநில, மாகாண உரிமம் ஆகிய இரண்டில் ஒன்று போதும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. உரிமத்தையே தகுதியாக வெளிப்படையாக ஏற்கும் விசா விதிகளில் இதைவிடத் தெளிவானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆஸ்திரேலியர்களுக்கு ஆண்டுக்கு 10,500 இடங்கள் கொண்ட இ-3 உண்டு. சிங்கப்பூர், சிலி குடிமக்களுக்கு எச்-1பி1 உண்டு. இவருக்கு மிஞ்சியது, பட்டம் தேவைப்படும் சிறப்புத் தொழில்களுக்கு நிறுவனம் மனுச் செய்து பெறும் எச்-1பி மட்டுமே.

முதல் கட்டத் தேடல்

2024ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில் இவர் செய்ததையே பெரும்பாலானோர் செய்கிறார்கள். பெரிய ஆலோசனை நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு விண்ணப்பித்தார். ரெஸ்யூமேயின் முதல் வரியில் உரிமத்தைக் குறிப்பிட்டார். எல்லா விண்ணப்பப் படிவங்களிலும் இரண்டு கேள்விகள் இருந்தன. இப்போது அமெரிக்காவில் பணிபுரிய அனுமதி இருக்கிறதா என்பது ஒன்று. இப்போதோ பின்னரோ விசாவுக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப், அதாவது நிறுவனமே பொறுப்பேற்று மனுச் செய்வது, தேவைப்படுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'ஆம்' என்று உண்மையைச் சொன்னார். பெரும்பாலான விண்ணப்பங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அவற்றை எந்தப் பொறியாளரும் படித்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகவோ பொய்யாகவோ பதில் சொல்லிவிட்டு, நேர்காணலில் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அறிவுரை கூறுபவர்கள் உண்டு. அது தவறு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. விண்ணப்பத்தில் சொன்ன பொய் வெளிப்பட்ட பின் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற நிறுவனத்துக்கு முழு உரிமை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, உரிமம் பெற்ற பொறியாளர் நன்னடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். கையெழுத்தின் நம்பகத்தன்மையே இந்தத் தொழிலின் அடித்தளம் என்னும்போது, தொழிலில் நுழையும் படிவத்திலேயே அதைக் கெடுத்துக்கொள்வது எந்த வகையிலும் நியாயமல்ல.

படிவத்தின் வழியாகச் செல்லும் விண்ணப்பத்தில் உரிமத்துக்கு மதிப்பு ஏன் இல்லாமல் போகிறது? மனிதவளப் பிரிவு பார்ப்பது செலவையும் காலதாமதத்தையும்தான். உரிமம் பெற்ற ஒருவர் தங்களுக்கு எவ்வளவு அவசரமாகத் தேவை என்பது, வரைபடங்களில் முத்திரையிடும் பொறுப்பைச் சுமக்கும் தலைமைப் பொறியாளருக்கு மட்டுமே தெரியும். முதல் கட்டத்தில் இவரது விண்ணப்பங்கள் அந்தத் தலைமைப் பொறியாளரின் மேசைக்குப் போகவே இல்லை.

உரிமம் யாருக்குத் தேவை

அமெரிக்காவில் பொறியாளர் உரிமச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் வயோமிங், ஆண்டு 1907. இன்று எல்லா மாநிலங்களிலும் அத்தகைய சட்டம் உண்டு. எனினும் எல்லாப் பொறியாளர்களும் உரிமம் பெற வேண்டியதில்லை. தொழிற்சாலைப் பொருட்களை வடிவமைக்கும் நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன. எனவே மின்னணுக் கருவி, வாகன உதிரிபாகம், மென்பொருள் போன்ற துறைகளில் உரிமம் இருப்பதும் இல்லாததும் ஏறத்தாழ ஒன்றே. பாலம், சாலை, கட்டடச் சட்டகம், குடிநீர், கழிவுநீர், கட்டடத்தின் மின்சார மற்றும் குளிர்சாதன அமைப்பு, மின்கடத்தல் பாதை ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே வரைபடம் அரசு அலுவலகத்தில் ஏற்கப்படுவதற்கு அந்த மாநிலத்தின் உரிமம் பெற்ற ஒருவர் அதன் பொறுப்பை ஏற்று முத்திரையிட்டாக வேண்டும். பல மாநிலங்களில், பொறியியல் சேவை வழங்குவதற்கு நிறுவனமே தனியாக அங்கீகாரம் பெற வேண்டும். அதற்கும் பொறுப்பேற்கும் உரிமதாரர் ஒருவரைக் காட்ட வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் வெளிப்படையானது. உரிமம் பெற்றவர் தேட வேண்டியது பெரிய பெயர் கொண்ட நிறுவனத்தை அல்ல, முத்திரையிட ஆள் போதாத நிறுவனத்தை. ஓய்வுபெறும் வயதில் இரண்டொரு உரிமதாரர்களை மட்டும் வைத்துக்கொண்டு மாநில நெடுஞ்சாலைத் துறைப் பணிகளை எடுத்திருக்கும் நடுத்தர நிறுவனத்துக்கு, தன்னிடம் உரிமதாரர்களைப் பெருமளவில் வைத்திருக்கும் நிறுவனத்தைவிட இவரது தேவை அதிகம்.

அத்தகைய நிறுவனங்களைக் கண்டுபிடிக்க அரசே தரவுகளை வெளியிடுகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. எச்-1பி மனுவுக்கு முன் நிறுவனங்கள் தொழிலாளர் துறையிடம் தாக்கல் செய்யும் எல்சிஏ எனப்படும் பணி நிபந்தனை விண்ணப்பங்களின் விவரங்களை அந்தத் துறை காலாண்டுதோறும் பொதுவில் வைக்கிறது. நிறுவனத்தின் பெயர், பணியிடம், தொழிற்குறியீடு, ஊதியம் எல்லாம் அதில் இருக்கும். கட்டுமானப் பொறியாளர்களுக்கான 17-2051 என்ற குறியீட்டை வைத்து வடிகட்டினால், எந்த ஊரில் எந்த நிறுவனம் இதற்கு முன் வெளிநாட்டுப் பொறியாளருக்குப் பொறுப்பேற்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும். குடியேற்றச் சேவை அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் வெளியிடும் எச்-1பி பணியளிப்போர் தரவில், எந்த நிறுவனத்தின் மனுக்கள் எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன என்பதையும் காணலாம். ஒருமுறை இந்த வேலையைச் செய்த நிறுவனத்தில் வழக்கறிஞரும் கோப்புகளும் ஏற்கெனவே இருக்கும். புதிதாக எதையும் விளக்கிப் புரியவைக்க வேண்டியதில்லை.

நம் பொறியாளர் இரண்டாம் கட்டத்தில் இந்த முறைக்கு மாறினார். தரவில் கிடைத்த நிறுவனங்களின் பாலப் பிரிவுத் தலைவர்களுக்கு நேரடியாக எழுதினார். எந்த மாநிலத்தில் உரிமம், அமெரிக்கப் பால வடிவமைப்புக்கான ஆஷ்டோ எல்ஆர்எஃப்டி விதிமுறைப்படி எந்த வகைப் பாலங்களை வடிவமைத்திருக்கிறார், எந்த விசா வகை தேவை, அதற்கு எந்த மாதத்தில் பதிவு செய்ய வேண்டும், செலவு எவ்வளவு என்பவற்றை ஒரே பக்கத்தில் சொன்னார். விசாத் தேவையை மறைக்காமல், அதன் விவரத்தையும் சேர்த்தே முன்வைத்ததுதான் பதில் வரக் காரணம் என்று நான் கருதுகிறேன். ஸ்பான்சர்ஷிப் என்றதும் நிறுவனங்கள் தயங்குவதற்குப் பாதிக் காரணம் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியாமல் இருப்பதே.

நிறுவனத்தின் கணக்கு

2024 அக்டோபரில், பல நாடுகளில் கிளைகள் கொண்ட ஒரு நடுத்தரக் குழுமத்தின் அமெரிக்க நிறுவனம் வேலை தர ஒப்புக்கொண்டது. அப்போது எச்-1பிக்கு நிறுவனம் அரசுக்குச் செலுத்த வேண்டியவை இவை: மார்ச் 2025 முதல் பதிவுக் கட்டணம் 215 டாலர், மனுக் கட்டணம் 780 டாலர், 25 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்துக்குப் பயிற்சிக் கட்டணம் 1,500 டாலர், மோசடித் தடுப்புக் கட்டணம் 500 டாலர், புகலிடத் திட்டக் கட்டணம் 600 டாலர். மொத்தம் 3,595 டாலர். சிறு நிறுவனங்களுக்கு இது குறையும். வழக்கறிஞர் கட்டணம் தனி. பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடமிருந்து எந்த வடிவிலும் வசூலிக்கக் கூடாது. விசாச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று விண்ணப்பதாரர் முன்வருவது நிறுவனத்துக்கு உதவியாக இருப்பதற்குப் பதில் சட்டச் சிக்கலையே உண்டாக்கும்.

இந்தத் தொகை உரிமம் பெற்ற பொறியாளரின் ஆண்டு ஊதியத்தோடு ஒப்பிட்டால் சிறியது. நிறுவனத்தைத் தயங்கவைத்தது நிச்சயமின்மை. மார்ச் மாதம் பதிவு, பதிவானவர்களிடையே நடக்கும் குலுக்கலில் தேர்வானால் மனு, பணி தொடங்குவது அக்டோபர் 1. பாலப் பணிக்கான ஒப்பந்தத்தை இன்று பெற்ற நிறுவனம் ஓராண்டு கழித்து வரக்கூடும், வராமலும் போகக்கூடும் என்ற நிலையில் உள்ள ஒருவரை நம்பி ஆள் திட்டம் போட முடியாது. அதனால் அதுவரை இவரை வெளிநாட்டிலேயே ஒப்பந்த அடிப்படையில் பயன்படுத்திக்கொள்வது என்று முடிவாயிற்று.

மாநில எல்லை என்னும் சிக்கல்

வழக்கறிஞர் கோப்பைப் பார்த்ததும் முதலில் கேட்டது, உரிமம் எந்த மாநிலத்தில் என்பதை. நிறுவனத்தின் அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தது.

எச்-1பி விதிகளில் உரிமம் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று சாதகமானது: விண்ணப்பதாரரின் தகுதியைப் பட்டத்தின் மூலம் மட்டுமல்லாமல், பணிபுரியப் போகும் மாநிலத்தில் அந்தத் தொழிலை முழுமையாகச் செய்ய அனுமதிக்கும் கட்டுப்பாடற்ற உரிமத்தின் மூலமும் நிறுவலாம். மற்றொன்று நிபந்தனை: பணியை முழுமையாகச் செய்ய மாநில உரிமம் கட்டாயம் என்றால், மனு ஏற்கப்படும் முன்பே அந்த உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற மூத்தவரின் மேற்பார்வையில் உரிமம் இல்லாதவரும் பணிபுரிய மாநிலம் அனுமதித்தால், அதைக் காட்டி மனுச் செய்யலாம். இரண்டு விதிகளிலும் கணக்கில் வருவது பணியிடம் அமைந்த மாநிலம். வேறு மாநிலத்தின் உரிமம், அது எவ்வளவு உழைத்துப் பெற்றதாக இருந்தாலும், இந்த இடத்தில் செல்லாது.

வேலை விவரத்தில் 'வரைபடங்களில் முத்திரையிடுவார்' என்று நிறுவனம் எழுதியிருந்தது. அப்படியே மனு போயிருந்தால், அந்த மாநிலத்தின் உரிமம் எங்கே என்று விளக்கம் கேட்டு அரசு கடிதம் அனுப்பியிருக்கக்கூடும். வழி இரண்டு இருந்தன. முத்திரையிடும் பொறுப்பை நீக்கி, உரிமம் பெற்ற மேலாளரின் கீழ் வடிவமைப்புப் பணி என்று விவரத்தை மாற்றுவது எளிய வழி. ஆனால் இவரை எதற்காக எடுக்கிறார்களோ அந்தக் காரணமே அதில் மறைந்துபோகும். அந்த மாநிலத்திலும் உரிமம் பெறுவது மற்றொரு வழி. தேர்வு முடிவுகள், அனுபவச் சான்றுகள், பரிந்துரைகள் யாவும் என்சிஇஇஎஸ் பதிவேட்டில் ஏற்கெனவே தொகுக்கப்பட்டிருந்ததால், வாரியத்துக்கு அவற்றை அனுப்பி இரண்டாவது உரிமம் கோர முடிந்தது. அமெரிக்க அரசு வழங்கும் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவரின் விண்ணப்பத்தை எப்படி நடத்துவது என்பது வாரியத்துக்கு வாரியம் மாறுபடும். இந்த வாரியம் ஏற்றுக்கொண்டது. 2025 பிப்ரவரியில் இரண்டாவது உரிமம் வந்தது.

வெளிநாட்டிலிருந்து உரிமத்துக்கு முயல்பவர்கள், எந்த மாநிலத்தில் எளிதாகக் கிடைக்கும் என்று பார்த்தே மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் உரிமத்துக்கு அது சரியே. ஆனால் ஸ்பான்சர் தேடல் தொடங்கும்போதே என்சிஇஇஎஸ் பதிவேட்டைத் தொகுத்து வைத்திருந்தால்தான், வேலை கிடைக்கும் மாநிலத்துக்கு உரிமத்தை விரிவாக்க நேரம் போதும். அக்டோபரில் வேலை, மார்ச்சில் பதிவு என்ற இடைவெளியில் பதிவேட்டைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் இவரால் முடித்திருக்க முடியாது.

மார்ச் 2025 பதிவும் அதன் பிறகும்

எச்-1பியின் ஆண்டு உச்சவரம்பு 65,000. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000. அமெரிக்கப் பட்டம் இல்லாத இவர் முதல் தொகுதியில் மட்டுமே இடம் கோர முடியும். 2026 நிதியாண்டுக்கான அந்தப் பதிவில் தகுதியுள்ள பதிவுகள் சுமார் 3.44 லட்சம், தேர்வானவை சுமார் 1.20 லட்சம். ஏறத்தாழ மூன்றில் ஒருவர். உரிமத்துக்கோ அனுபவத்துக்கோ குலுக்கலில் எந்தச் சலுகையும் கிடையாது. புதிதாகப் படிப்பு முடித்தவரும் பாலத்துக்குப் பொறுப்பேற்கக் கூடியவரும் கணினிக்கு ஒன்றே. இவர் தேர்வாகவில்லை.

இந்த நிலை பின்னர் மாறியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2026 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, தரப்படும் ஊதியம் தொழிலாளர் துறையின் நான்கு ஊதியப் படிகளில் எதை எட்டுகிறதோ அதற்கேற்ப வாய்ப்பு கூடும். முதற்படியில் உள்ளவரின் பெயர் குலுக்கலில் ஒருமுறை சேரும், நான்காம் படியில் உள்ளவருக்கு நான்குமுறை சேரும். உரிமத்துக்கு இப்போதும் நேரடிச் சலுகை இல்லை. ஆனால் முத்திரையிடும் பொறுப்பும் மற்றவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பும் உள்ள பதவிக்கு ஊதியம் உயர்வாக இருக்கும் என்பதால், உரிமம் ஊதியத்தின் வழியாகக் குலுக்கலுக்குள் மறைமுகமாக நுழைகிறது. அனுபவமுள்ள பொறியாளர் குறைந்த ஊதியத்துக்கு ஒப்புக்கொண்டால் நிறுவனம் ஸ்பான்சர் செய்ய முன்வரும் என்ற பழைய கணக்கு இனி முழுவதும் தவறானது.

ஆனால் இவரது முயற்சியை முறித்தது வேறொன்று. 2025 செப்டம்பர் 19 அன்று வெளியான அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பிரகடனம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என்று 12 மாத காலத்துக்கு விதித்தது. அமெரிக்காவுக்குள் ஏற்கெனவே வேறு நிலையில் சட்டப்படி இருந்துகொண்டு நிலை மாற்றம் கோருபவர்களுக்கு இது பொருந்தாது என்று அக்டோபரில் அரசு தெளிவுபடுத்தியது. மாணவராகச் சென்று படிப்புக்குப் பிந்தைய பயிற்சியில் இருப்பவருக்கும் வெளிநாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிப்பவருக்கும் இடையே அதுவரை இருந்த சிறிய வேறுபாடு ஒரே நாளில் பெரும் இடைவெளியாயிற்று. 3,595 டாலருக்கு ஒப்புக்கொண்ட நிறுவனம் 1,00,000 டாலருக்கு ஒப்புக்கொள்ளாததில் குறை காண முடியாது.

இடையில் மற்றொரு வழியும் பார்க்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகள், லாப நோக்கற்ற மற்றும் அரசின் ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு இல்லை. குலுக்கலும் இல்லை, மார்ச் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் பாலங்களில் ஏற்படும் சோர்வு முறிவை ஆராயும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் ஆர்வம் காட்டியது. ஆனால் பிரகடனத்தின் தொகை உச்சவரம்பு விலக்குள்ள மனுக்களுக்கும் பொருந்தும் என்பதால் அந்தப் பேச்சும் நின்றது. மாநில நெடுஞ்சாலைத் துறைகளும் அரசு அமைப்புகள்தானே, அவற்றுக்கும் விலக்கு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். விலக்கு ஆய்வை அடிப்படைப் பணிகளில் ஒன்றாகக் கொண்ட அரசு அமைப்புகளுக்கு மட்டுமே.

குழுமத்தின் பிரிட்டன் கிளை

நிறுவனம் இவரைக் கைவிட விரும்பவில்லை. அமெரிக்கப் பாலப் பணிகளின் ஒரு பகுதியைச் செய்துவந்த பிரிட்டன் கிளைக்கு இவரது பெயரை அனுப்பியது. பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அமைச்சகம் வெளிப்படையாக வைத்திருக்கிறது; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உள்ளன. எந்தக் குலுக்கலும் இல்லை. வேலை உரிய திறன் தரத்தில் இருக்க வேண்டும். ஊதியம் 2025 ஜூலை 22 முதல் பொதுவாக 41,700 பவுண்டு அல்லது அந்தத் தொழிலுக்கான நடப்பு ஊதியம், இரண்டில் எது அதிகமோ அதை எட்ட வேண்டும். 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத் தகுதி, ஐரோப்பிய மொழி அளவுகோலில் உயர் இடைநிலையான பி2 நிலை. நிறுவனம் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடியேற்றத் திறன் கட்டணமாகப் பெரிய நிறுவனம் 2025 டிசம்பர் முதல் ஆண்டுக்கு 1,320 பவுண்டு செலுத்துகிறது. இதை ஊழியரின் மேல் சுமத்தக் கூடாது. சான்றிதழை விற்பதாகச் சொல்லி இடைத்தரகர்கள் கேட்கும் பணம் எதுவும் சட்டத்துக்கு உட்பட்டது அல்ல. அப்படிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்களின் துயரம் பெரிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிரிட்டனில் கட்டுமானப் பொறியாளராகப் பணிபுரிய அரசு உரிமம் பொதுவாகத் தேவையில்லை. சார்ட்டர்ட் பொறியாளர் என்ற தகுதியைத் தொழில்முறை நிறுவனங்கள் வழங்குகின்றன, அது கட்டாயம் அல்ல. எனவே விசாவைப் பொறுத்தவரை இவரது அமெரிக்க உரிமங்களுக்கு அங்கே எந்த எடையும் இல்லை. ஆனால் கிளை இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த உரிமங்களே முழுக் காரணம். அமெரிக்க மாநிலங்களுக்கான வரைபடங்களை வெளிநாட்டில் தயாரிக்கும் குழுவில், அந்த மாநிலங்களின் உரிமம் பெற்ற ஒருவர் வேலையைத் தொடக்கம் முதல் நேரில் வழிநடத்துவதும், வேறொருவர் செய்து முடித்ததை அமெரிக்காவில் இருப்பவர் கடைசியில் பார்த்து முத்திரையிடுவதும் ஒன்றல்ல. பின்னதைப் பல வாரியங்கள் ஒழுங்கு மீறலாகவே கருதுகின்றன. விசா விதி கேட்காத உரிமத்தை வேலையே கேட்டது. 2026 பிப்ரவரியில் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வந்தது. இளவேனிலில் பணியில் சேர்ந்தார்.

நிகழ்வில் கவனிக்க வேண்டியவை

இவர் எடுத்த முடிவுகளில் பெரும் பலன் தந்தது, பல நாடுகளில் கிளைகள் கொண்ட நிறுவனத்தை விடாமல் பற்றிக்கொண்டதுதான். ஒரே நாட்டில் மட்டும் இயங்கும் நிறுவனம் அதே அன்போடு நடந்திருந்தாலும், செப்டம்பர் பிரகடனத்துக்குப் பின் அதனால் செய்யக்கூடியது எதுவும் இருந்திருக்காது. ஸ்பான்சரைத் தேடுபவர்கள் நிறுவனத்தின் ஊதியத்தையும் பெயரையும் பார்ப்பதோடு, அது வேறு எந்த நாடுகளில் ஊழியர்களை அமர்த்த முடியும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஸ்பான்சரே தேவைப்படாத வழிகளை இவர் ஏன் முதலில் பார்க்கவில்லை என்ற கேள்வியும் எழும். ஆஸ்திரேலியாவில் என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்பின் தகுதி மதிப்பீட்டைப் பெற்று, புள்ளிகளின் அடிப்படையில் நிரந்தரக் குடியேற்றம் கோரலாம். வாஷிங்டன் உடன்படிக்கைப் பட்டம் அந்த மதிப்பீட்டைப் பெருமளவு எளிதாக்கும். கனடாவின் புள்ளி அடிப்படையிலான குடியேற்ற முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், வேலை கிடைத்ததற்கான கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டதால், ஸ்பான்சர் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இருந்த இடைவெளி குறைந்திருக்கிறது. அமெரிக்காவிலேயே, நிறுவனத்தின் துணையின்றித் தானாக மனுச் செய்யும் தேசிய நல விலக்கு என்ற வழி உண்டு. அதற்கு அடிப்படையான இபி-2 என்ற நிரந்தரக் குடியேற்றப் பிரிவில் தனித்திறனைக் காட்ட ஆறு அளவுகோல்களில் மூன்றை நிறைவேற்ற வேண்டும். அவற்றுள் ஒன்று தொழில் உரிமம். ஆனால் பணி தேசிய முக்கியத்துவம் உடையது என்று தனியாக நிறுவ வேண்டும். பிறந்த நாட்டைப் பொறுத்துக் காத்திருக்கும் காலம் பல ஆண்டுகளாகவும் ஆகலாம். அமெரிக்கப் பால விதிமுறைகளிலேயே தன் முழு அனுபவத்தையும் சேர்த்திருந்த இவர் முதலில் அமெரிக்காவை நாடியது நியாயமே. எனினும் ஆஸ்திரேலிய மதிப்பீட்டை உடன் தொடங்கி வைத்திருந்தால், 2025இன் பிற்பகுதியில் இவர் அனுபவித்த நெருக்கடி பாதியாகக் குறைந்திருக்கும் என்பது என் மதிப்பீடு.

அமெரிக்கா செல்வது இனி எப்படி என்றால், குழும இடமாற்றத்துக்கான எல்-1 விசா ஒன்று இருக்கிறது. முந்தைய 3 ஆண்டுகளுக்குள் தொடர்ந்து ஓராண்டு வெளிநாட்டுக் கிளையில் பணிபுரிந்திருக்க வேண்டும். அதற்கு உச்சவரம்பு இல்லை. 1,00,000 டாலர் தொகையும் அதற்குப் பொருந்தாது. ஆனால் மேலாளர் அல்லாதவர், நிறுவனத்துக்கே உரிய தனிப்பட்ட அறிவு தன்னிடம் இருப்பதாகக் காட்ட வேண்டும். அதைக் காட்ட உரிமம் உதவாது, ஏனென்றால் உரிமம் சான்று சொல்வது அந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் பொதுவான அறிவுக்கு. இவர் தன் கிளையில் உருவாக்கிவரும் பாலக் கணக்கீட்டு நடைமுறைகளும் அவற்றின் பதிவுகளும்தான் அங்கே ஆதாரமாகும். இந்த ஓராண்டு 2027 இளவேனிலில் நிறைவடையும். அதுவரை இரண்டு மாநில உரிமங்களும் காலாவதியாகாமல் இருக்க, அந்தந்த வாரியங்கள் கேட்கும் தொடர்கல்வி மணி நேரங்களை முடித்துப் புதுப்பித்துக்கொள்வதும், கிளையில் தான் வகிக்கும் பொறுப்புகளை மாதந்தோறும் எழுத்தில் பதிவு செய்து மேலாளரின் கையொப்பம் பெற்று வைப்பதும் இவர் முன் உள்ள வேலைகள்.